மூன்றாவது விளி

என் நெஞ்சை விட்டு இறங்காத மச்சான் சிலுவைக்கு,

எனக்கு எழுத்து தெரியாதென்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

நீ கடலோடு போனபோது தொட்டிலில் கிடந்த உன் மகன் ராயன் இப்போது இங்கிலாந்துக்காரன். அவன் மகள் ஜெஸி அங்கேயே பிறந்தவள். ஒரு ராக் குழுவில் பாடுகிறாள். போன வாரம் தேங்காய்ப்பட்டணத்துக்கு வந்திருந்தாள். தாடை உன்னுடையது. பேச்சு, தாயிடம் கேட்ட நம் பேச்சு.

அந்த நாட்டு ராக் பாட்டுகளைப் போனில் ஓடவிட்டுப் பொருள் சொன்னாள். ஒருவன் விடாத மழையைப் பாடுகிறான். ஒருவன் பூட்டிய ஆலையை. இன்னொருவன் அரண்மனையையே கிழிக்கிறான்.

"சொந்த நாட்டை இப்பிடியா ஏசுவானுவ?"

"அவனுவ ஏசலாம் பாட்டா, வீட்டுப் பிள்ளையளு. நான் ஏசினா, 'ஒன் நாட்டுக்குப் போ'ம்பானுவ. இங்க வந்தா மாமி, 'லண்டன்காரி, மீன்முள்ளு எடுக்கத் தெரியுமாட்டி?'ன்னு சிரிக்கா. நான் எந்த நாட்டை ஏச?"

இந்த இடத்தில் மருமகள் பேனாவை நிறுத்திவிட்டாள்; அந்த மாமி இவள்தான். உன்னிடம் பதில் இருந்திருக்குமா?

பிறகு அவளே எழுதிய பாட்டைப் போட்டாள். 'நான் யாருடைய ஆள் என்றறியக் கூப்பிடுகிறேன்' என்று பொருளாம். உச்சி வெயில், கரையில் காற்றே இல்லை. வாத்தியமெல்லாம் சட்டென்று நின்றது. சொல்லில்லாத ஒரு கூவல் அடித்தொண்டையில் தொடங்கி, நடுவே உடைந்து, மூக்கில் ஏறியது.

அது உன் விளி. மழை மூடி வள்ளம் தெரியாதபோது நீ என்னைக் கூப்பிடும் விளி.

கடலில் ஆளுக்கொரு விளி. போனவன் விளியைக் கரையில் யாரும் கூவக் கூடாது, நானும் கூவியதில்லை. ராயனே கேட்டறியாதது இவளுக்கு எப்படி வந்தது?

"தெரியாது பாட்டா. வாயத் தொறந்தேன், வந்துச்சு. ஒங்களுக்கு ஏன் இப்பிடி வேர்க்கு?"

இரண்டு முறை விளி வந்தது. பிறகு பாட்டு முடிந்துவிட்டது. ஆளல்லாதது இரண்டு முறைதான் விளிக்கும், பதில் சொன்னவனைக் கொண்டுபோய்விடும், மூன்றாவது கேட்காமல் வாய் திறக்காதே என்று நாம் வளர்ந்தோமே. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மூணாவது தடவ விளிக்கப்படாதா மக்கா?"

"எத்தனையோ தரம் பாத்தேன் பாட்டா. தொண்ட அடைக்கு. பரவால்ல, எப்பிடியும் யாரும் பதில் சொல்லப்போறதில்ல."

பதில் வராதென்ற முகத்தோடுதான் விமானம் ஏறினாள்.

அடுத்த முறை மேடையில் பாடும்போது போனில் என்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். விளிப்பது அவளா, அவள் தொண்டைக்குள் நீயா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியாது. மூன்றாவதுக்கு நான் காத்திருக்க மாட்டேன், மச்சான். இரண்டாவதுக்கே என் விளியால் பதில் சொல்வேன். பிறகு வருவது வரட்டும். பிள்ளை கூப்பிட்டது வெறுமனே போகக் கூடாது.

உன் விளிக்குப் பதில் விளித்தே பழகிய மச்சான்,
அந்தோணி