பக்கப் பலகை இல்லாத லொறி

நவம்பர் 10, திங்கள்

விடிய முதலே மழை. புத்தூரிலிருந்து அச்சுவேலி லொறி யார்ட் வரைக்கும் சைக்கிளில். சாரத்தை மாற்றிக் கால்சட்டை போட்டதற்கு மனுசி சிரித்தாள். "மாப்பிள்ளை வெளிக்கிட்டிட்டார்."

புது வேலை, முதல் நாள். வெள்ளி வரைக்கும் பழக்குவார்கள். வெள்ளிதான் முடிவு. புதிதாக எடுத்தது இரண்டு றைவர்கள். ஒன்று நான். மற்றது நெல்லியடி ரூபன், முப்பது வயது இருக்கும், கட்டாரில் லொறி ஓடிவிட்டு வந்தவன். பழக்குகிறவர் சுரேந்திரன். ரூபன் அவரை சேர் என்கிறான். எனக்குத் தம்பி என்றுதான் வாயில் வந்தது. கோபிக்கவில்லை.

பாடம் எழுத ஆளுக்கு ஒரு கொப்பி. நான் நாலாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டி முடிக்குமுன் பாடம் முடிந்துவிடும். கேட்டது எனக்குத் தலையில் நிற்கும். கொப்பி வீணாகப் போகாமல் இதை எழுதுகிறேன்.

தந்தவை: ஹெல்மெற், மஞ்சள் மேற்சட்டை, கையுறை, சப்பாத்து. சப்பாத்து பெரிது. முனையில் பேப்பர் அடைத்தேன்.

பிறகு டொக்குத்தர். கண் நல்லம். பிரஷர் கொஞ்சம் கூட. கடைசியில் காது.

எனக்கு இடது காது கேளாது. சண்டையில் செல் விழுந்த காலத்தில், பக்கத்தில் ஒன்று வெடித்துப் போனது. அன்று லொறியில் ஏற்றியிருந்தது சின்ன வெங்காயம். மேலே மூடிக் கட்டிய படங்கு நீலம், ஒரு மூலை கிழிசல். தேத்தண்ணிக் கடைக்காரனுக்குக் கையில் ஆறு விரல். எல்லாம் நினைவில் இருக்கிறது. அந்தச் சத்தம் மட்டும் இல்லை.

நேர்ஸ் பிள்ளை பின்னால் நின்று ஒரு காதைப் பொத்திக்கொண்டு மெல்லச் சொல்வாள். நான் திருப்பிச் சொல்ல வேண்டும். வலது சரி. இடதுக்கு வந்தபோது எனக்கு முன்னால் மருந்து அலுமாரி, கண்ணாடிக் கதவு. அதில் அவள் வாய் தெரிந்தது. வாயைப் பார்த்துப் பிடிக்கிறது எனக்குப் பழக்கம்.

"வாழைப்பழம்."

"வாழைப்பழம்."

"வெரி குட் ஐயா. பிள்ளையளின்ரை காது மாதிரி."

தெரிந்துதான் செய்தேன். பழைய முதலாளி லொறியை விற்றுவிட்டுக் கனடா போனதிலிருந்து வீட்டில் குந்தியிருக்கிறேன். அறுபது தாண்டியவனை வேறு எவன் எடுப்பான்? லொறி ஓடுவதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது.

மனுசிக்குச் சொல்லவில்லை. பாஸ் என்று மட்டும்.

நவம்பர் 11, செவ்வாய்

வெயில். சப்பாத்து கடிக்கிறது.

பிளாட்பெட் என்பது பக்கப் பலகை இல்லாத லொறி. பின்னுக்கு வெறும் தட்டு. கம்பி, சீமெந்துக் குழாய், வள்ளம் எல்லாம் ஏற்றலாம். பட்டியால் கட்டி இறுக்க வேண்டும். மேலே படங்கு. கட்டுவது பிடிபட்டுவிட்டது.

பின்னுக்கு எடுப்பதுதான் பிடிபடவில்லை. பழைய லொறியில் கிளீனர் பின்னால் நின்று பலகையில் அடிப்பான். இரண்டு அடி என்றால் வா, ஒன்று என்றால் நில். அந்த அடி சீற்றில் தெரியும், முதுகில் தெரியும். காதே தேவையில்லை. இத்தனை வருசம் அப்படித்தான் சமாளித்தேன். இதில் அடிக்கப் பலகை எங்கே? வாயாலும் கையாலும் சொல்வார்களாம். கண்ணாடியில் ஆள் மறைந்தால் உடனே பிறேக். அது சட்டம்.

இன்னொன்று. றைவர் இருப்பது வலப்பக்கம். கூட வருகிறவன் என் இடது காதுக்குத்தான் கதைக்க வேண்டும். இன்று ரூபன் வழி முழுக்கக் கதைத்துக்கொண்டு வந்திருக்கிறான். இறங்கிப் போய்ச் சுரேந்திரனுக்குச் சொன்னது கேட்டது:

"ஐயாவுக்கு மெத்தப் பெருமை சேர். மூண்டு தரம் கூப்பிட்டால்தான் திரும்புறார்."

"சீனியர் ஆள். அப்படித்தான்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வரும்போது வாங்கியது: பாண், பருப்பு, மனுசிக்குத் தைலம்.

நவம்பர் 12, புதன்

மழை. எழுதக் கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும்.

லோட் ஏற்றும் மேடைக்கு நான் பின்னுக்கு எடுக்கிறேன். இடது பின்பக்கம் ரூபன் வழி காட்டுகிறான். சுரேந்திரன் வலப்பக்கம், குடையோடு. இடது கண்ணாடி முழுக்கத் தண்ணீர். மஞ்சளாக ஒன்று தெரிந்தது. அவன் என்று நினைத்தேன். தண்ணீர்ப் பீப்பாவாம்.

பட்டி ஒன்று கழன்று பின் சில்லு ரயருக்கு அடியில் இழுபட்டிருக்கிறது. ரூபன் எடுக்கக் குனிந்திருக்கிறான். குனிந்தபடியே கத்தியிருக்கிறான்.

எனக்கு விசில்தான் கேட்டது. சுரேந்திரன் ஊதியது, வலப்பக்கம். பிறேக் மிதித்தேன்.

இறங்கிப் போய்ப் பார்த்தால் ரூபனின் ஹெல்மெற் சில்லுக்கு அடியில் நொறுங்கிக் கிடக்கிறது. அவன் சேற்றில் குந்திக்கொண்டு தலையைத் தடவுகிறான். தலை இருக்கிறதா என்று பார்க்கிறவன் மாதிரி.

சுரேந்திரன் அவன்மேல் பாய்ந்தார். "கண்ணாடியிலை தெரியாத இடத்துக்கு ஏன் போனனீ?"

"நான் கத்தினனான் சேர். நில்லுங்கோ, நில்லுங்கோ எண்டு."

என்னைப் பார்த்தார். "ஐயா, கேட்டதோ?"

"மழை இரைச்சல் தம்பி. ஒண்டும் கேக்கேல்லை."

கேட்கவில்லை என்பது உண்மை. மழை என்றது பொய்.

"அவருக்குக் கேக்கேல்லையாம். அப்ப நீ கத்தேல்லை." பிழை அவனுடையது என்று ரூபனின் பெயரை எழுதிக்கொண்டார். வெள்ளிக்கிழமை இவன் இல்லை என்று அந்த முகத்திலேயே தெரிந்தது. ஆள் மறைந்தால் பிறேக் போட வேண்டியவன் நான். என்னை ஒன்றும் கேட்கவில்லை. நரைக்கு மரியாதை.

இரவு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். மனுசி சொதி ஊற்றிக்கொண்டே, "ஆரும் ஏசினவையோ?" என்றாள். இல்லை என்றேன்.

நவம்பர் 13, வியாழன்

வானம் மப்பு. நித்திரை இல்லை.

ரூபனுக்குப் புது ஹெல்மெற். என்னோடு கதைக்கவில்லை. மத்தியானம் ரயர் குவியலுக்குப் பக்கத்தில் தனியே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு இடப்பக்கமாகப் போய்க் குந்தினேன். அப்போதுதான் என் வலது காதில் விழும்.

சொன்னேன். காது, நேர்ஸ், அலுமாரி எல்லாம்.

வாயில் இருந்ததை விழுங்கினான். சோற்றுப் பார்சலைச் சுருட்டி எறிந்தான்.

"எனக்குத் தொண்டை கிழிஞ்சு போச்சு ஐயா. நேற்று நான் செத்திருந்தாலும் மழை இரைச்சல் எண்டுதானே சொல்லியிருப்பியள்?"

"இல்லையடா தம்பி…"

"ஓம். சொல்லியிருப்பியள். மாமியார் வீட்டிலை இருக்கிறன். வந்து நாலு மாசம், ஒரு வேலையும் இல்லை. இந்த வேலையும் போனால் அங்கை என்ன முகத்தோடை போறது? பிள்ளைக்கு இன்னும் ஒரு வயசு முடியேல்லை."

"நாளைக்கு நான் சேருக்குச் சொல்லுறன்."

"ஏன் நாளைக்கு? இப்ப சொல்லுங்கோ."

சுரேந்திரன் அங்கே கந்தோர் வாசலில்தான் நின்றார். போனில் யாருடனோ சிரித்துக்கொண்டு. நான் எழும்பவில்லை. ரூபன் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அவன் எழும்பிப் போனான்.

பின்னேரம் படங்கு மடிக்கும் பாடம். இருவரும் இரண்டு நுனியில்.

இரவு மனுசிக்குச் சொன்னேன். விளக்குமாற்றை வைத்துவிட்டுக் கீழே குந்தினாள். "ஆளைச் சாகடிச்சிருப்பியள்" என்றாள். அவ்வளவுதான்.

நவம்பர் 14, வெள்ளி

மழை இல்லை. காற்று.

யார்ட் திறக்க முதலே போய்ப் படலையில் நின்றேன். சுரேந்திரன் மோட்டார்சைக்கிளை நிறுத்துமுன் சொல்லிவிட்டேன். இல்லாவிட்டால் இன்றும் நாளைக்கு என்றாகியிருக்கும்.

ஹெல்மெற்றைக் கழற்றாமல் கேட்டார். "முதலே சொல்லியிருக்கலாமே ஐயா?"

"சொல்லியிருந்தால் எடுத்திருப்பியளோ?"

யோசித்தார். "இல்லை."

"ரூபன் கத்தினவன். அவன் பொய் சொல்லேல்லை. பிழை என்ரை."

"கொம்பனி என்ன சொல்லும் எண்டு தெரியாது. என்னாலை உங்களுக்கு லொறி தர ஏலாது."

கையை நீட்டினார். நேற்றிலிருந்து என்னிடமே இருந்த லொறித் திறப்பைக் கொடுத்தேன். உள்ளே போய், புதன்கிழமை எழுதிய ரூபனின் பெயரை வெட்டிவிட்டு வந்து, அதற்குள் வந்து சேர்ந்திருந்த அவனிடம் திறப்பைக் கொடுத்தார். "போய் மேடைக்கு எடு. கம்பி லோட்." பிறகு என்னைப் பற்றிக் கதைக்கத் தலைமைக் கந்தோருக்குப் போன் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வழி காட்ட வேறு ஆள் இல்லை. ரூபன் ஏறி இருந்து, கதவால் தலையை நீட்டி என்னைப் பார்த்தான். நன்றி ஒன்றும் இல்லை. நான் எதிர்பார்க்கவுமில்லை.

"ஐயா, பின்னுக்குப் போய் நில்லுங்கோ. கண்ணாடியிலை தெரியவேணும்."

போய் நின்றேன். கை இரண்டையும் தூக்கி வா, வா என்று காட்டினேன். மெல்ல வந்தான். கண்ணாடியில் அவன் கண் என்னை விட்டு விலகவில்லை. மேடைக்கு ஒரு சாண் இருக்கும்போது உள்ளங்கையை விரித்தேன்.

நின்றான்.

பிறகு என்ஜினை நிப்பாட்டி, இறங்கி, பின்னுக்கு வந்து, மேடைக்கும் தட்டுக்கும் நடுவில் தன் கையை விட்டு அளந்து பார்த்தான். திரும்பப் போய் ஏறினான்.

நானாக இருந்தாலும் இறங்கித்தான் பார்த்திருப்பேன்.