மதியத்தில் மட்டும் தெரியும் ஜன்னல்

வட நார்வே,
ஜனவரி 12

அன்பு மகள் தூருனுக்கு அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், லிஸ்பனில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். நவம்பர் கடைசியில் மறைந்த சூரியன் இன்னும் மலைக்குப் பின்னால்தான் கிடக்கிறது. அது திரும்பும் நாளுக்கு இந்த வருஷமும் வர முடியாது, நம் ஊர் இருட்டு மனதை அழுத்துகிறது என்று எழுதியிருந்தாய். சூரியனை வரவேற்க அன்று சுடும் ஜாம் பன்னில் உன் பங்குக்கும் சேர்த்தே அம்மா மாவு வாங்கி வைத்திருக்கிறாள்.

ஊர் மன்றத்தின் குளிர்காலக் கண்காட்சிக்கு, கடலிலிருந்து பார்த்தால் நம் வீடு தெரிவதுபோல ஒரு படம் வரைந்து கொடுத்தேன். நடுப்பகலில் கொஞ்ச நேரம் நீலமாக வெளிச்சம் வருமே, அதில் மட்டுமே தூரிகையைத் தொட்டேன், விளக்கு போட்டு ஒரு கோடுகூட இழுக்கவில்லை. பொறுப்பாளர் ஹல்தீஸ் அதைக் காபி மேசைக்கு மேலே, மஞ்சள் பல்புக்கு நேர் கீழே மாட்டிவிட்டாள். நீலமெல்லாம் சேறாகிவிட்டது. மதியம் மட்டும் விளக்கை அணை, ஜன்னல் வெளிச்சம் போதும் என்றேன். ஓவியத்தை நான் எங்கும் போய்ப் படித்தவனில்லை என்பதால் அங்கே என் பேச்சு எடுபடாது. அணைச்சா காபியை யாரு மடியில ஊத்திக்கிறது எட்வின், உன் மடியிலயா என்று கேட்டாள், எல்லோரும் சிரித்தார்கள். படத்தைக் கழற்றி வந்து நம் படகுக் கொட்டகையில் வாசலைப் பார்த்தாற்போல் மாட்டினேன். ஏன் மனுஷா, கோபம் படத்துக்கா உனக்கா என்றாள் அம்மா.

மறுநாள் மதியம் ஹல்தீஸ் தன் பனிச்சறுக்கு வண்டியை ஒரு காலால் உதைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். படத்தின் முன் வெகுநேரம் நின்றுவிட்டு, மாடியில மஞ்சளா ஒரு ஜன்னல் இருக்கே, மன்றத்துல இதைக் காணலையே என்றாள். மஞ்சள் பல்புக்குக் கீழே மஞ்சள் எப்படித் தெரியும், பனியோடு பனியாக வெள்ளையாகத்தான் கிடக்கும். அவள் கூப்பிட்டு அம்மாவும் வந்து பார்த்தாள். அது உன் அறை. குளிர்காலம் முழுக்க அம்மா அங்கே விளக்குப் போட்டு வைப்பதும், ஆளில்லாத அறைக்கு எதற்கு மின்சாரம் என்று நான் சத்தம் போடுவதும் உனக்குத் தெரியும். வாயில ஒண்ணு கையில ஒண்ணு என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்குள் போய்விட்டாள். படத்தைத் திருப்பிக் கொடு, சூரியன் வர்ற அன்னைக்கு விளக்கை அணைச்சிடறேன் என்று ஹல்தீஸ் இறங்கி வந்தாள். முடியாது, பார்க்க வேண்டியவர்கள் இங்கே வரட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

வெயில் உள்ள ஊரில் இருந்துகொண்டு திரையை இழுத்துவிட்டு உட்காராதே, தினமும் கொஞ்சம் வெளியே நட. கண்ணில் ஒளியும் காலில் பலமும் உனக்கு என்றும் குறையாதிருக்கட்டும். வா என்று நான் எழுதமாட்டேன். வருவதாக இருந்தால் காலையில் வந்து இறங்கும் விமானமாகப் பார், மதியம் தாண்டிவிட்டால் அந்த ஜன்னல் தெரியாது.

உன் அப்பா
எட்வின்