அண்ணன் காதுக்கு வெடித்த சரம்

சைகோன்
பிரபவ வருஷம், ஐப்பசி 17

சிரஞ்சீவி ராமாமிர்தத்துக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம். காரைக்காலில் உன் சௌக்கியத்துக்குக் குறைவிருக்காது என்று நம்புகிறேன்.

உன் பெரியப்பா காலமான செய்தியோடு நீ எழுதிய கடிதம் தீபாவளிக்கு மறுநாள் வந்தது. தபால்காரன் வாசலில் கிடந்த சிவப்புக் காகிதக் குப்பையை மிதித்துக்கொண்டு வந்து கொடுத்தான். அங்கே நீ கொள்ளி வைத்து இருபது நாள் ஆகியிருக்கிறது. நான் இங்கே எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டியில் மஞ்சள் தடவி, மூங்கிலில் சரம் கட்டி வெடித்திருக்கிறேன். பங்காளி செத்த வருஷத்தில் அடுப்பில் எண்ணெய்ச் சட்டிகூட வைக்கமாட்டார்கள். கடல் தாண்டியவருக்குத் தந்தி எதற்கு, வந்து சேரவா போகிறார் என்று பெரியம்மா கேட்டாளாம், நீயும் தந்தி கொடுக்காமல் விட்டுவிட்டாயாம். வந்து சேரமாட்டேன்தான், ஆனால் வெடித்திருக்கமாட்டேனே.

நரகாசுரன் தன் சாவு நாளை ஊர் கொண்டாட வேண்டுமென்று தானே வரம் கேட்டான். என் அண்ணன் அப்படி எதுவும் கேட்கவில்லை. பேயை விரட்டத்தான் வெடி என்று சரம் விற்ற சோலோன் கடைத்தெருச் சீனன் சொன்னான். அண்ணன் ஆவியாக என்னைப் பார்க்க வந்திருந்தாலும் ஓடித்தான் போயிருப்பார். உன் தாத்தா இறந்தபோது கப்பலேறியவன் பாடையைத் தொடக்கூடாது என்று என்னை விலக்கியவர் அவர். பன்னிரண்டு வருஷமாகப் பேச்சில்லை. நான் இங்கே குறைந்துபோகவில்லை என்று அவர் காதில் விழட்டும் என்றுதான் நாற்பது சரம் வாங்கினேன். நம் பண்டிகைக்கு விடுமுறை கிடையாதென்ற என் ஆபீஸ் பெரிய குமாஸ்தாவுக்கும் கேட்கட்டும் என்று நினைத்தேன்.

இனி முக்கியமான விஷயம். என்னோடு வேலை பார்க்கும் கஸ்தோன் தீபாவளியன்று மத்தியானமே ஊருக்குக் கப்பலேறினான். அண்ணன் வீட்டுக்குப் போய் வெடிச் சத்தத்தைச் சொல்லிவிட்டு வா என்று நானே அனுப்பினேன். நாற்பதை நூறாக்கியே சொல்றேன் முசியே, உங்க அண்ணன் காதைப் பொத்திக்கணும் என்று பிரெஞ்சு மரியாதையோடு சிரித்துக்கொண்டே போனான். பினாங்கில் தங்கை வீட்டில் பத்து நாள் தங்கிவிட்டுத்தான் போவான், அதனால் இந்தக் கடிதம் முந்திக்கொள்ளும். நீ தினமும் கப்பல் வரவை விசாரித்து, அவன் வந்து இறங்கிய இடத்திலேயே பிடித்துக்கொள். பெரியம்மா கழுத்தில் தாலியில்லாமல் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்குள் போய் அவன் அதைச் சொல்லக்கூடாது.

வயிற்றைக் காயப்போடாதே. தீர்க்காயுசாக இரு. பெரியம்மாவிடம் நான் அழுதேன் என்று மட்டும் சொல், அது பொய்யில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
கரியமாணிக்கம்