நல்ல தண்ணியில் குளித்த கிராபிக்ஸ் கார்டு

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று என் மகளின் கிராபிக்ஸ் கார்டைக் குளிப்பாட்டினேன். எப்படிச் சுற்றி வளைத்து எழுதினாலும் அசிங்கம்தான். அதனால் நேராகவே எழுதிவிட்டேன்.

சுபஸ்ரீ ஒரு கம்பெனியைப் பார்க்க மெட்ராஸ் போயிருக்கிறாள். கம்ப்யூட்டரில் வீடு கட்டி, அதற்குள் நடந்து போகிற மாதிரி படம் எடுப்பது அவள் வேலை. ஒரு வாரமாக அந்தக் கம்ப்யூட்டர் பாதிப் படத்தில் பொசுக்கென்று அணைந்துவிடுகிறது. லைட்ஹவுஸ் குப்பத்தில் எது நின்றாலும் உப்புதான் காரணம்: கதவுக் கீல், சைக்கிள், என் முழங்கால். கடலுக்குப் போய்வந்த போட்டு எஞ்சினை நல்ல தண்ணியில் கழுவாமல் எவனாவது வைப்பானா? பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்ததிலேயே பெரிய உருப்படி அந்தக் கார்டுதான். ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. கழற்றி, குடிதண்ணீரில் அலசி, நெத்திலி காயும் வலைமேல் வெயிலில் வைத்துவிட்டு ஐஸ் உடைக்கப் போனேன். (வீட்டுக்குப் பின்னால் மிஷின் வைத்து, போட்டுக்காரர்களுக்கு ஐஸ் உடைத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு.)

திரும்பி வந்தால் ஒரு காக்கா கார்டின்மேல் உட்கார்ந்து மூக்கால் ஃபேனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. என் மனைவி மாலா அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பிப்ரவரி 12, புதன்

"நைனா, இன்னாது இது, கார்டுல செதிலு ஒட்டினுகீது?"

"உப்புக் காத்தும்மா."

மெட்ராஸிலிருந்து திரும்பிய சுபஸ்ரீ அதை மாட்டிப் பார்த்தாள். திரை கறுப்பு. திட்டியிருந்தால் தேவலை. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம்தான் சொன்னாள். கம்பெனி ஒரு வீட்டுப் பிளானைக் கொடுத்து ஒரு நிமிஷப் படம் கேட்டிருக்கிறது. இருபத்தெட்டாம் தேதிக்குள் அனுப்பவேண்டும். பிடித்துப்போனால் வேலை, அதுவும் வீட்டிலிருந்தே. இல்லையென்றால் ஏற்கெனவே கூப்பிட்ட பெங்களூர் வேலை, ஹாஸ்டல் வாசம். பெங்களூரில் கடலே இல்லையே! அவள் போய்விட்டால் என் ஜோக்குக்கு யார் சிரிப்பது? இப்போதும் அவள் சிரிப்பதில்லை. முறைக்கவாவது ஒரு ஆள் வேண்டாமா?

புதுக் கார்டு நான் வாங்கித் தருகிறேன் என்றேன். மாலா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

நேற்றிலிருந்து நான் கிராபிக்ஸ் கார்டு நிபுணன். செத்துப்போனது 1060. கடையில் இருப்பது 3060, 4060. மாலாவின் தம்பி தேவேந்திரன், போட்டு எஞ்சின் மெக்கானிக், ஒரே வார்த்தையில் முடித்தான்.

"நம்பரு பெருசா கீறத வாங்கு மாமா. இதுல இன்னா யோசனை?"

அவன் சொன்ன கையோடு விவரத்தைப் படித்தேன். பழைய 1060க்கு மெமரி ஆறு ஜிபி. 3060க்குப் பன்னிரண்டு. அதற்கும் பின்னால் வந்த 4060க்கோ எட்டுதான்! மெமரிக்குப் போய்வரும் பாதையின் அகலம் பழசில் 192 பிட், 3060இலும் 192, 4060இல் 128. தேவேந்திரன் வாயைப் பிளந்தான்.

"இன்னா மாமா, புதுசு வர வர முகத்துவாரம் தூந்துக்கினே போவுது? நம்ம ஏரி கடல்ல சேர்ற எடம் மாதிரி!"

உள்ளே வேலை செய்யும் கோர்களும் அப்படித்தான். 3060இல் 3584, 4060இல் 3072. ஆளும் குறைச்சல், வழியும் குறுகல். பிறகு எதற்கு அதைத் தலையில் வைத்து ஆடுகிறார்கள்?

சுபஸ்ரீ செல்போனிலிருந்து திரும்பாமலே சொன்னாள். "ஆளு கம்மி, ஆனா ஒவ்வொருத்தனும் வேகமா செய்வான். பக்கத்துலயே கேஷுன்னு கையிருப்பு மெமரி பெருசா வச்சிருக்கான். 3060க்கு மூணு எம்பி, இதுக்கு இருபத்திநாலு. கரைலயே ஐஸ் பொட்டில மீன் இருந்தா சும்மா சும்மா ஏரிக்குப் போவணுமா? கரண்டும் 170 வாட்டு எங்க, 115 எங்க."

தேவேந்திரன் உடனே கட்சி மாறி 4060க்கு வந்தான். நானும்தான்.

பிப்ரவரி 15, சனி

பக்கத்து வீட்டு ராஜாத்தி குப்பம் பூராவும் சொல்லியாகிவிட்டது: "கம்ப்யூட்டர் கார்டுக்கே ரெண்டு ஃபேனாம். அவுங்க ஹால்ல ஒரு ஃபேனு, அதுவே ஓடல."

உண்மையை எப்படி மறுப்பது?

பிப்ரவரி 17, திங்கள்

சண்டை. நான் புதுசு என்கிறேன், அவள் 3060 என்கிறாள்.

"நைனா, நான் கட்டுற வீடு ஒவ்வொண்ணும் ஒன்பது ஜிபிக்கு மேல புடிக்குது. எட்டுல அடங்காது. வழிஞ்சா நத்தையா ஊரும், இல்லாங்காட்டி நின்னே பூடும். பழைய கார்டுல வீட்டத் துண்டு துண்டா வெட்டி ஓட்டுனேன். மறுபடி வெட்டச் சொல்றியா?"

"அப்ப வேகம்?"

"வெளிச்சம், கண்ணாடி, தண்ணி இதையெல்லாம் கணக்கு போட 1060ல தனியா ஒண்ணுமே இல்ல. இது ரெண்டுலயும் கீது. அந்த வேகம் எனுக்குப் போதும்."

அதாவது, சிட்டாய்ப் பறக்கிற போட்டு வாங்கி, பாதி மீனைக் கடலிலேயே கொட்டிவிட்டு வரவேண்டாம் என்கிறாள். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். சொன்னாள் என்கிறாள் மாலா.

பிப்ரவரி 19, புதன்

காலையில் ஐஸ் மிஷின் பெல்ட் அறுந்துபோச்சு. இந்த அளவு பெல்ட் வர ரெண்டு வாரமாம். சாயந்திரம் 3060 வந்தது.

பிப்ரவரி 24, திங்கள்

அஞ்சு நாளாகக் கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட நிற்கவில்லை! ஐஸ் வேலையும் இல்லாததால் கரையில் உட்கார்ந்து மெமரி, பாதை அகலம், வாட்டு என்று உபன்யாசம் செய்கிறேன். பழைய கார்டு எப்படியும் உப்பேறிச் செத்திருக்கும், நான் குளிப்பாட்டியது சும்மா ஈமக்கடன்தான் என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. ஒருவர் ரிப்பேரான மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதுக்கு எத்தினி ஜிபி போடலாம்?" என்றார். குடிதண்ணீர் மட்டும் வேண்டாம் என்றேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

படத்தை அனுப்பிவிட்டாள். அதற்கு முன் எங்களுக்குப் போட்டுக் காட்டினாள். பளபளவென்று தரை, சமையலறை, கண்ணாடி ஜன்னல். ஜன்னல் கட்டையில் ஒரு காக்கா, ஒரு சின்ன ஃபேனை மூக்கால் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மாலா தலையைக் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. சொல்லிக்கொடுத்துவிட்டாள், பாதகி.

மார்ச் 4, செவ்வாய்

வேலை கிடைத்துவிட்டது. வீட்டிலிருந்தே! பெங்களூர்க்காரர்களுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். மாலா இறால் வறுத்தாள். தேவேந்திரன் ரெண்டு தட்டு தின்றுவிட்டு, "எல்லாம் மாமா பார்த்துப் பார்த்து வாங்குன கார்டு" என்றான். நான் மறுக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

பெல்ட் வந்தது. மாட்டி, ஐஸ் மிஷின் சுவிட்சைப் போட்டேன்.

"நைனா! கம்ப்யூட்டர் ஆஃப் ஆயிடுச்சு!"

அவள் மறுபடி ஆன் செய்யும்வரை காத்திருந்து, மறுபடி போட்டேன். மறுபடி அணைந்தது.

கம்ப்யூட்டர் முதல் தடவை நின்றதற்கு முந்தின நாள், அவள் அறையிலிருந்து பின்பக்கத்து மிஷினுக்குக் கரண்ட் லைன் இழுத்தவன் நான்தான்.