ஐந்தாவது பிள்ளையின் குளிர்

இன்று காலை உன் மகள் ருமேனியாவிலிருந்து ஒரு போட்டோ அனுப்பினாள். அவள் வேலை பார்க்கும் பேக்டரியில் குடிதண்ணீர் மெஷின். நீலக் குழாய்க்கு மேலே அவர்கள் எழுத்தில் 'ரேச்சே'. கூடவே அவள் குரல்: "மாமா, அப்பா தேடிக்கிட்டே கெடந்தாங்கள்லா, அந்தச் சொல்லு. எங்கன இருந்து வந்துதுன்னு கெடச்சிட்டு மாமா." தறியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து இன்னொரு முறை கேட்டேன்.

பாதிரியாராவதற்குக் குருமடத்தில் லத்தீன் படித்து, பாதியில் கிளம்பி வந்து, ஸ்டேஷன் பக்கம் கூல்டிரிங்க்ஸ் கடை போட்டவன் நீ. "அண்ணாச்சி, நல்லா ஜில்லுனு ஒண்ணு" என்று யார் வந்து நின்றாலும், பாட்டிலை எடுத்துக்கொண்டே "ஃப்ரீஜிதுஸ்" என்பாய். வந்தவர் ஏதோ புதுக் கம்பெனி என்று நினைத்துக்கொள்வார். விளக்கமெல்லாம் எனக்குத்தான். "ஏலே, லத்தீன் ஆத்தாளுக்குப் பெரிய பிள்ளைய அஞ்சு. ஆத்தா ஃப்ரீஜிதுஸ்னு சொன்ன குளிர்ந்ததை இத்தாலிக்காரன் ஃப்ரெத்தோங்கான், பிரெஞ்சுக்காரன் ஃப்ருவாங்கான், ஸ்பெயின்காரன் ஃப்ரீயோங்கான், போர்ச்சுகல்காரன் ஃப்ரீயுங்கான். நாலு பேருக்கும் ஆத்தா சாடை. இந்த ஃப்ரிட்ஜுக்குள்ளயும் அவதாம்ல இருக்கா."

ருமேனியாக்காரன் மட்டும் 'ரேச்சே' என்று தனியே நின்றான். பக்கத்து வீட்டில் கடன் வாங்கியிருப்பான் என்று நான் சொன்னால் உனக்குக் கோபம் வரும். "அதுவும் லத்தீன் பிள்ளைதாம்ல. எங்கன இருந்து வந்துதுன்னுதான் பிடிபடல." ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதையே சொன்னாய். விடை தெரியாமலே நீ போனது எனக்குப் பெரிய வருத்தம்.

ஜெயித்தது நீதான். அங்கே கூட வேலை பார்க்கும் ஓர் அம்மாள் பள்ளியில் லத்தீன் படித்தவராம்; கேட்டதும் சொல்லிவிட்டார். லத்தீனில் 'ரேச்சென்ஸ்' என்றால் புதியது. அப்போதுதான் இறைத்த தண்ணீர் ஜில்லென்று இருக்குமல்லவா? அந்தப் புதியதுதான் நாளாவட்டத்தில் அவர்களுக்குக் குளிர்ந்ததாகிவிட்டது. நாம் குளிருக்குள்ளேயே துழாவிக்கொண்டிருந்தோம்.

இதில் கூத்து என்ன தெரியுமா? டாக்டர் வெந்நீரில் குளிக்கச் சொன்னபோது நீ மதினியிடம் மல்லுக்கு நின்றாய். "பச்சத்தண்ணில குளிச்சாத்தான் குளிச்ச மாதிரி இருக்கும்." புதிதாய்ப் பறித்ததைச் சொல்லும் 'பச்சை'யைத்தானே சுடவைக்காத தண்ணீருக்கும் நாம் சொல்கிறோம். ருமேனியாக்காரன் செய்ததை உன் வாயும் தினமும் செய்திருக்கிறது. நானும் அதைக் கவனிக்காமல் எதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

உன் வீட்டுக்கு ஓடிப்போய் மதினியிடம் சொன்னேன். "இதுக்கா இம்புட்டு ஓட்டம்?" என்றார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவிய இருந்தா இன்னைக்குக் கடையில ஊருக்கே ஓசிக் கலருதான்" என்றார்.

மத்தியானம் மறுபடி ஒரு போட்டோ. சிவப்புக் குழாய், 'கால்த்'. "மாமா, வெந்நிக்கு இது போட்டிருக்கு. இது எங்கன இருந்து வந்துதுன்னு அப்பாட்ட..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டு, "நீங்க சொல்லுங்க" என்றாள்.

கேட்பது என் வேலை, சொல்வது உன் வேலை என்றே இத்தனை வருஷம் ஓடியது. "பாத்துச் சொல்லுதேன் மக்கா" என்று அனுப்பிவிட்டு, மதினியிடம் உன் லத்தீன் அகராதியை வாங்கி வந்து பிரித்திருக்கிறேன். ஒன்றும் ஓடவில்லை, ஆனாலும் மூடுவதாக இல்லை. அடுத்த சொல்லை அவள் பாதியில் நிறுத்தாமல் என்னிடமே கேட்க வேண்டும்.