கோழிக்குப் போட்ட இரும்புச் சத்து

4-3-1974
ஏழு மாதக் கர்ப்பத்தோடு இருக்கும் அண்ணிக்கு நர்சம்மா ஒரு பொட்டலம் மாத்திரை கொடுத்தார். இரும்புச் சத்தாம். அண்ணியின் கீழிமையை இழுத்துப் பார்த்து, "ரத்தமே இல்லியேம்மா, பிரசவத்த எப்டித் தாங்குவ?" என்றார்.

அம்மா சிரித்தாள். "எங்க ஊட்ல சோத்துக்கா பஞ்சம்?"

பஞ்சமில்லைதான். மீன் அண்ணனுக்கு, தலை அம்மாவுக்கு, உடைந்தது எனக்கு. எல்லாரும் எழுந்த பிறகு அண்ணிக்குக் குழம்பின் வாசனை.

8-3
மாத்திரை போட்டதிலிருந்து வெளிக்குக் கறுப்பாகப் போகிறதாம். அண்ணி அதைப் போய் அம்மாவிடமே சொல்லிவிட்டாள்.

"அய்யய்யோ, உள்ள கீற கொழந்தயும் கறுத்துப்பூடுமே!"

மாத்திரைகளை நொறுக்கித் தவிட்டோடு கோழிகளுக்கு வைத்தாள் அம்மா. அவை கொத்திப் பார்த்துவிட்டு நகர்ந்தன. எங்கள் வீட்டில் சத்துக்கு அவ்வளவுதான் மரியாதை.

அண்ணனின் நிறம் தார் டின். அவனைச் சுமந்தபோது அம்மா எந்த மாத்திரையைச் சாப்பிட்டாள்? கேட்கவில்லை. நான் யாரிடம் எதைக் கேட்டேன்?

17-3
அண்ணன் கும்மிடிப்பூண்டியில் டானிக் வாங்கி வந்தான். பாட்டிலில் திராட்சைக் குலை. அண்ணிக்கு ஒரு மூடி, தனக்கு அரை டம்ளர். "மிஷின்ல நின்னுக்கினு சாவறவன் நானு." பிரசவமும் அவனுக்கே ஆகட்டும். வேலை செய்வது இரும்புக் கம்பி இழுக்கும் கம்பெனியில். ஊருக்கெல்லாம் இரும்பு, பெண்டாட்டிக்கு மட்டும் இல்லை.

2-4
கிணற்றடியில் அண்ணி கண் இருட்டி விழுந்தாள். அம்மா முதலில் குடத்தைத்தான் தூக்கிப் பார்த்தாள்.

3-4
நர்சம்மா வந்தார். "மாத்திரை ஒழுங்கா போடறியா?"

"போடறேம்மா," என்றாள் அண்ணி. பின்னால்தானே அம்மா நிற்கிறாள்!

நாளைக்கு இவ செத்துப்போனா? அப்ப யார்கிட்ட போய்ச் சொல்றது?

"கோழிக்குப் போட்டாங்க. கறுப்பா போவுதாம், கொழந்தயும் கறுத்துப்பூடுமாம்."

நான்தான் சொன்னேன் — கதவுக்குப் பின்னாலிருந்து.

"கோழிக்கா பிரசவம்?" என்ற நர்சம்மா, அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். "கறுப்பா போனா அது மாத்திரையோட வேல. கொழந்த கலருக்கு உன் புள்ளயப் போய்க் கேளு."

புதுப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். "நீ குடும்மா. முழுங்கற வரைக்கும் நின்னு பாரு."

அம்மா இன்று என்னோடு பேசவில்லை. வீடு அமைதியாக இருந்தது.

28-5
ஆண் குழந்தை. நிறைய ரத்தம் போயிற்று. அண்ணி தாங்கிவிட்டாள்.

பிள்ளை அண்ணனை உரித்து வைத்திருக்கிறது. அம்மா நர்சம்மாவைத் திட்டிக்கொண்டே பவுடர் பூசுகிறாள்.

16-6
பிள்ளை பெற்றவளுக்குக் கீரை ஆகாது, மீன் ஆகாது — இது அம்மாவின் பத்தியம். இன்று முருங்கைக்கீரையும் மீனும் சமைத்து அண்ணியை முதலில் உட்கார வைத்தேன்.

"ஆம்பள குந்திக்கினு கீறான், கண்ணு தெர்ல உனுக்கு?" என்றாள் அம்மா.

தெரிந்தது. தட்டோடு விழித்துக்கொண்டிருந்தான். அண்ணிக்கு இன்னொரு துண்டு வைத்தேன்.