பிரேக் ஆயில் மாற்றிவிட்டேன், டாக்டரம்மா

டாக்டரம்மா,

இன்று ஜீப் சாவியைத் தொடாமல் பஸ்ஸில் வேலைக்குப் போய்விட்டாய். கோபம் நியாயம்தான்.

நீ போன பிறகு பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தேன். ஆயில் கறுத்துக் கிடந்தது. போன வருஷம், எப்போதோ திறந்த பாட்டிலில் மீந்ததை ஊற்றியது நான்தான். திறந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால் பெடல் பஞ்சாக அமுங்கும். நேற்று மலையிறக்கத்தில் உனக்கு நடந்தது அதுதான். கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு நீயே தப்பித்து வந்திருக்கிறாய். நானோ உன் அண்ணன் எதிரிலேயே, "வண்டி நல்லாத்தான் இருக்கு, உனக்குத்தான் ஓட்டத் தெரியல"ன்னு சிரித்தேன்.

டப்பா மூடியில் போட்டிருக்கிற அதே டாட் 4 ரக ஆயிலை, சீல் பிரிக்காத பாட்டிலாக வாங்கி, பழையதை முழுக்க மாற்றிவிட்டேன். பக்கத்து வீட்டுத் தையல்காரர் பெடலை மிதிக்க, நான் நாலு சக்கரத்து பிரேக் குழாயிலும் சிக்கியிருந்த காற்றை வெளியேற்றினேன்.

"என்ன சார், திடீர்னு?"

"அவ சொன்னப்பவே கேட்டிருக்கணும்" என்றேன்.

உன் அண்ணனுக்கும் ஃபோன் பண்ணி, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து எட்டு மணிக்கு வருவேன்.

பி.கு: ஆயில் சிந்தி பானெட்டில் உள்ளங்கையளவு பெயிண்ட் போய்விட்டது. வந்ததும் திட்டிக்கொள்.

இன்னொன்று. அதே இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தேன், பிரேக் கச்சிதமாகப் பிடிக்கிறது. மூன்றாவது வளைவில் உன் டயர் தடம் அப்படியே இருக்கிறது. பள்ளத்துக்கு ஒரு முழம்கூட இல்லை. வண்டியை ஓரங்கட்டி, அதைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.